தேடினால் கிடைக்காத தொட்டிக்கடை

முதல் போன் வந்தபோது தொட்டிக்காரரின் ஒரு கையில் சிலிக்கான் துப்பாக்கி இருந்தது. இன்னொரு கை கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. மீன்தொட்டி ஒட்டுகிறவனுக்கு அந்த நேரத்தில் மூன்றாவது கை கிடையாது. ஆனால் கடைக்கு யாராவது கூப்பிட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே சொருகினார்.

"ஹலோ, மீன் இருக்குங்களா?" என்றது ஒரு பெண்குரல்.

"என்னது?"

"மீனுங்க. கறுப்பா, வாலு நீளமா இருக்குமே. ஜோடியா கிடைக்குமா?"

மொட்டைத் தலையனிடம் சீப்பு இரவல் கேட்ட கதைதான். தொட்டிக்காரர் மீன் விற்பதில்லை. விற்கவும் கூடாது. அது ஏன் என்று அந்த வட்டாரத்தில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை தொட்டியும் மீனும் ஒரே கடையில்தான் இருந்தன. பெரிய சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. தொட்டி இவருடையது, மீன் இவருடைய சகலையுடையது, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரருடையது. லைசென்ஸ் சகலை பெயரில் இருந்ததால் கடைக்கும் சகலையின் பெயரே வைத்தார்கள். பதினோரு வருஷம் ஒற்றுமையாக ஓடியது. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், இரண்டும் பொய். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து, தொட்டிக்காரரிடமே "முதலாளி இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் அதற்கு மேலே பூசிய சிலிக்கான்.

பாகம் பிரித்தபோது பெரிய சாலைக் கடையும் பெயரும் சகலைக்குப் போயின. கண்ணாடி வெட்டும் மேசையும் சந்துக்குள் ஒரு ஷட்டரும் இவருக்கு வந்தன. இவர் மீன் விற்கக் கூடாது, அவர் தொட்டி செய்யக் கூடாது என்பது பேச்சு. "இனிமே அவன் பேர் என் வாயில வராது" என்று இவர் சபதம் போட்டார்.

"சாப்பிடறதுக்காவது வாயைத் திறப்பீங்கல்ல?" என்றாள் மனைவி.

அப்படிப்பட்டவரிடம் போன் போட்டு மீன் இருக்கா என்றால்?

"யாரும்மா உன்னைப் பேசச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. கம்ப்யூட்டர்ல தேடினேன். உங்க கடைதான் வந்துச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தொட்டிக்காரர் கண்ணாடியை மெதுவாக மேசைமேல் வைத்தார். பொய். பச்சைப் பொய். உலகத்தில் வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கலாம்; அவரால் நம்ப முடியாது. ஏனென்றால் தன் கடையைக் கம்ப்யூட்டரில் தேடித் தேடி விரல் தேய்ந்தவர் அவர்தான். பெற்ற அப்பனுக்கே கண்ணில் படாத பிள்ளை பக்கத்துத் தெருக்காரிக்கு எப்படிப் பட்டான்?

அந்தத் தேடலின் கதை ஆறு மாதம் பழையது. சந்துக்குள் கடை போட்ட பிறகு அந்தப் பக்கம் வந்தவர்கள் தபால்காரரும் ஒரு நாயும்தான். நாய் மட்டும் நின்று பார்க்கும். "இப்பல்லாம் யாரு போர்டு படிக்கறா? எல்லாம் கம்ப்யூட்டர்ல தேடித்தான் வர்றாங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதனால் கார்ட்டூனைக் கூப்பிட்டார்.

கார்ட்டூன் என்பது ஆள். நாற்பது வயது, தொங்கு மீசை. பற்பசை விளம்பரத்தில் பல்லுக்குக் கை கால் முளைத்து நடனமாடுமே, அதெல்லாம் அவர் கைவண்ணம். கூட்டுக்கடை இருந்த காலத்திலேயே அதற்கு ஒரு இணையதளம் செய்யத் தொடங்கி, பிரிவினையில் பாதியோடு நிறுத்தியிருந்தார். அந்தப் பாதியை எடுத்து முழுசாக்கித் தந்தார்.

என்ன அழகு! முதலில் திரை கறுப்பாக இருக்கும். மேலிருந்து ஒரு சொட்டு விழும். டுப். அந்தச் சொட்டு விரிந்து தண்ணீராகும். தண்ணீரைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மீன்கள். சிவப்பு, நீலம், வரி போட்டது, வால் விசிறுவது. தொட்டிக்கடைக்கு மீன் எதற்கு என்று கார்ட்டூன் கேட்டபோது, "மீன் இல்லாத தொட்டி வெறும் கண்ணாடிப்பா. யாரு பார்ப்பா?" என்றார் இவர். மௌஸை எங்கே நகர்த்தினாலும் ஒரு ஆரஞ்சு மீன்குஞ்சு பின்னாலேயே வரும். போன் நம்பர், தொட்டியின் அடியில் கூழாங்கல் மேல் பொறித்திருக்கும். நாற்பதாவது விநாடியில் குமிழிகள் எழும்பி ஒன்றுகூடிக் கடையின் பெயராக நிற்கும். நின்று, பட்டென்று உடையும். அந்தக் குமிழிச் சத்தத்துக்காகக் கார்ட்டூன் அரைநாள் டம்ளரில் உறிஞ்சுகுழாய் போட்டு ஊதியிருந்தார்.

பிரவுசிங் சென்டரின் நாலாம் நம்பர் கூண்டில் உட்கார்ந்து தொட்டிக்காரர் அதைப் பதினோரு தடவை பார்த்தார். பிறகு தேடும் கட்டத்தில் தன் கடைப் பெயரைப் போட்டுத் தேடினார். குடிநீர்த் தொட்டி கழுவுகிறவர்கள் வந்தார்கள். செப்டிக் டேங்க் உறிஞ்சுகிறவர்கள் வந்தார்கள், இருபத்துநாலு மணி நேர சேவையுடன். இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம், ஒன்பதாம் பக்கம் வரை போனார். தன் கடை மட்டும் இல்லை. மறுநாளும் இல்லை. ஆறு மாதமாக இல்லை.

அடுத்த மாதம் முப்பதாம் தேதி ஷட்டரின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் கடைக்கு ஆள் வர ஆரம்பித்தால் புதுப்பிப்பது. இல்லையென்றால் மூடிவிட்டு ஒன்றாம் தேதி முதல் ஜன்னல் கம்பெனியில் சம்பளத்துக்குக் கண்ணாடி வெட்டுவது. மனைவியும் அவரும் பேசி வைத்திருந்த முடிவு இது. கம்பெனிக்காரர்கள் சட்டை அளவுகூட எடுத்துப் போய்விட்டார்கள். முதுகில் ஜன்னல் படம் போட்ட சட்டை.

இந்த நிலையில்தான், யாருக்குமே கிடைக்காத கடை ஒருத்திக்குக் கிடைத்ததாம். அதுவும் மீன் கேட்கிறாளாம்.

'செட்டப்' என்று முடிவு கட்டினார் தொட்டிக்காரர். சகலை ஆள் வைத்துச் சீண்டுகிறான். தொட்டி மட்டும் வைத்துக்கொண்டு என்ன கிழிக்கிறாய் என்று கேட்காமல் கேட்கிறான்.

"மீனா? எல்லாம் செத்துப்போச்சும்மா" என்றார்.

"ஐயையோ! எப்படிங்க?"

"நோய். வெள்ளைப்புள்ளி. ஒண்ணுகூடத் தப்பலை."

போனை வைத்தபோது இரண்டு வருஷத்தில் இல்லாத ஒரு குளிர்ச்சி நெஞ்சில் பரவியது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு போன். ஆண்குரல், தொண்டைக்கட்டு. பள்ளிக்கூட வாத்தியாராம், வகுப்பறைத் தொட்டிக்கு எட்டு மீன் வேண்டுமாம். "கம்ப்யூட்டர்ல பார்த்தேன்" என்றார் இவரும். எல்லோருக்கும் ஒரே வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறான் பாவி, கொஞ்சம் மாற்றிக் கொடுக்கக்கூடத் தெரியவில்லை. வாத்தியாரிடம் கடையையே கழுவி மூடிவிட்டதாகச் சொன்னார். மூன்றாவது ஆளிடம், செத்த மீனை அள்ள முனிசிபாலிட்டி வண்டி வந்ததாகச் சொன்னார். போகப் போகக் கற்பனை கூடியது. தொட்டி வியாபாரத்தைவிட இதில் அவருக்குத் தேர்ச்சி இருந்தது.

ஒருநாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். மூச்சிரைப்பு.

"தம்பி, கால் சரியில்லை, கடைக்கு வர முடியலை. பேத்திதான் கம்ப்யூட்டர்ல தேடி நம்பர் எடுத்துக் குடுத்தா. வாசல் பக்கத்துத் தொட்டியில ஒரு கிழட்டுத் தங்கமீன் இருக்குமே, ஒத்தைக் கண்ணு. நான் வந்தா கண்ணாடிகிட்ட வரும். நல்லாருக்கா?"

"அதுதாங்க முதல்ல போச்சு" என்றார் தொட்டிக்காரர்.

மறுமுனையில் மூச்சிரைப்பு கூடியது. பிறகு "சரிப்பா" என்று ஒரு சின்னக் குரல்.

நடிப்பு என்றால் இது நடிப்பு என்று தொட்டிக்காரர் மெச்சிக்கொண்டார். இந்த மாதிரி ஆளையெல்லாம் எங்கே பிடிக்கிறான்?

சந்தேகம் என்பது சிலிக்கான் மாதிரி. கையில் பட்டால் தொட்ட இடமெல்லாம் ஒட்டும். முதலில் சகலை. அடுத்து கார்ட்டூன்: அந்தப் பக்கம் கைநீட்டி வாங்கிக்கொண்டு, தேடினால் கிடைக்காதபடி எதையோ முடுக்கி விட்டிருப்பானோ? பிறகு பிரவுசிங் சென்டர்க்காரர்: ஏன் தனக்கு எப்போதும் நாலாம் நம்பர் கூண்டே தருகிறார்? கடைசியில் மனைவி. அவள் தங்கையோடு சமையலறையில் போன் பேசும்போது, "ம்… ம்… அடப்பாவமே" என்று மட்டுமே கேட்டது. அடப்பாவம் என்றால் யார் பாவம்? தண்ணீர் குடிக்கிற சாக்கில் இவர் மூன்று தடவை உள்ளே போனார்.

"வயித்துல என்ன, தொட்டியா கட்டியிருக்கீங்க? இவ்வளவு தண்ணி எதுக்கு?" என்றாள் அவள். "ஒட்டுக் கேக்கணும்னா உக்காந்து கேளுங்க. தங்கச்சி அழறா. அவங்க கடைக்கு ஆளே வரலையாம். இப்படியே போனா கடையை வித்துட்டு அவ மாமியார் ஊருக்கே போயிடலாம்னு பேசிக்கறாங்களாம்."

"நாடகம்."

"யாரு, என் தங்கச்சியா?"

"எல்லாரும்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்த சத்தத்தில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஒப்பந்தம் முடிகிற மாதத்தின் இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை மதியம், தொட்டிக்காரர் மனைவியை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனார். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறவள்; பத்து விரலும் பறக்கும். தேடுகிற கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் அடிக்க வேண்டும். 'எனது கடையைத் தாங்கள் வேண்டுமென்றே மறைப்பதாக அறிகிறேன்' என்று முதல் வரியை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நாலாம் நம்பர் கூண்டில் ஒரு நாற்காலிதான். அவள் உட்கார, இவர் தடுப்புப் பலகையில் சாய்ந்து நின்றார்.

"புகார் இருக்கட்டும். எதையெல்லாம் போட்டுத் தேடினீங்க?" என்றாள்.

"கடைப் பேரு, என் பேரு, சந்து பேரு. எல்லாம்."

"அவர் பேரு?"

"எவர் பேரு?"

"என் தங்கச்சி புருஷன் பேரு."

"அதை நான் போட மாட்டேன்."

"வாயால சொல்ல மாட்டேன்னுதான சபதம்? இது விரலு. அதுவும் என் விரலு."

தடுப்பதற்குள் அடித்துவிட்டாள். மாமன் மச்சான் பெயர் மாதிரி அவ்வளவு இயல்பாக அடித்தாள். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் வந்து நின்றது சகலையின் பெயரும், அதன் பின்னால் 'வண்ணமீன் கடை' என்பதும்.

"பாத்தியா! பாத்தியா!" தொட்டிக்காரர் தடுப்புப் பலகையைத் தட்டியதில் மூன்றாம் நம்பர் கூண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அவன் மட்டும் முதல் ஆளா உக்காந்திருக்கான். நான் ஒன்பதாம் பக்கத்துலயும் இல்லை. அமுத்து, அமுத்து, அந்தத் திருட்டுப் பக்கத்தை நானும் பாக்கறேன்."

அவள் அமுத்தினாள்.

திரை கறுப்பானது. மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. டுப்.

தண்ணீர் விரிந்தது. கண்ணாடி வந்து ஒட்டியது. சிவப்பும் நீலமுமாக மீன்கள் வந்தன. அவள் மௌஸை அசைக்க, ஆரஞ்சு மீன்குஞ்சு பின்னாலேயே ஓடியது. அடியில் கூழாங்கல் மேல் தொட்டிக்காரரின் போன் நம்பர் மினுங்கியது.

குமிழிகள் எழும்பி, தொட்டிக்கடையின் பெயராக நின்று, பட்டென்று உடைந்தன. அதன் பிறகு தொட்டிக்காரர் இரண்டு வருஷமாக உச்சரிக்காத பெயரைத் தன்னையறியாமல் மூன்று தடவை உச்சரித்தார்.

கார்ட்டூனின் வேலையிடம் அதே கட்டடத்தின் மாடியில்தான். கூப்பிட்ட இரண்டாவது நிமிஷம், பாதி வரைந்த காகிதத்தோடு இறங்கி வந்தார். பார்த்தார். மீசையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணே, இந்தத் தேடற எந்திரம் இருக்கே, அதுக்குக் கண்ணு கிடையாது."

"என்னய்யா சொல்ற?"

"அதுக்குப் படம் தெரியாது. அசைவு தெரியாது. எழுத்தை மட்டும் தடவித் தடவிப் படிச்சுக்கிட்டே போகும். உங்க தளத்துல எழுத்தே இல்லை. எல்லாம் படம்."

"கடைப் பேரு இருக்கேய்யா! குமிழி குமிழியா வந்து நிக்குதே!"

"அது எழுத்து மாதிரி நிக்கற குமிழிண்ணே. ஒவ்வொரு எழுத்தையும் உடைச்சு ஓவியமாக்கித்தான அசைச்சேன்? உங்க நம்பர்கூட கல்லோட சேர்த்து வரைஞ்சதுதான்."

"அப்ப இவர் பேரை எங்கருந்து படிச்சுது?" என்றாள் மனைவி.

கார்ட்டூன் கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டினார், பிரித்தார். "அது… கூட்டுக்கடைக்குப் பாதி செஞ்சு நிறுத்தினது இல்லையா. உள்ள இருந்த படத்தை மட்டும் உங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்தினேன். படத்தைச் சுத்தி ஒரு பக்கம் இருக்கும், அதுக்கு ஒரு தலைப்பு இருக்கும். அந்தப் பழைய தலைப்பு அப்படியே தங்கிடுச்சு. மருந்தை மாத்திட்டு பாட்டில் மேல ஒட்டின சீட்டை விட்ட மாதிரி. எந்திரத்துக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் தெரியும். அதையும் ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் வந்து படிச்சிருக்கும்."

"ஆறு மாசமா நீ பாக்கலையா?"

"படம் அவ்வளவு அழகா இருந்துச்சுண்ணே. சீட்டை எவன் பாத்தான்?"

கோபப்படத் தொட்டிக்காரருக்கு நேரமில்லை. அவர் தலைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வால் கேட்ட பெண். வாத்தியார். ஒற்றைக்கண் தங்கமீனைக் கேட்ட பெரியவர். ஒருத்தரும் நடிக்கவில்லை. எல்லோரும் சகலையைத் தேடி வந்தவர்கள். வந்தவர்களை வாசலிலேயே மடக்கி, உள்ளே பிணம் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆறு மாதமாக எந்தத் திருடனைத் தேடினாரோ, அவன் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சுற்றியிருக்கிறான்.

"எத்தனை பேர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி. அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்ல வராது. சொன்னார். முனிசிபாலிட்டி வண்டி வரைக்கும் சொன்னார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "என் தங்கச்சி ஊரை விட்டே போறா" என்று மட்டும் சொன்னாள்.

கார்ட்டூன் மெல்லச் சொன்னார்: "அண்ணே, ஒரு நிமிஷ வேலை. மேல போய் அவர் தலைப்பை எடுத்துட்டு உங்க கடைப் பேரைப் போட்டுடறேன். நாலு வரி எழுத்தும் சேர்த்துட்டா எந்திரம் உங்களைப் படிக்க ஆரம்பிச்சிடும். நடந்தது யாருக்குத் தெரியப் போகுது?"

நல்ல யோசனைதான். முப்பதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. தொட்டிக்காரர் தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். எவ்வளவு பெரிய யோசனையிலும் பொத்தல் தேடிப் பழகியவர். தேடியதில் இதில் தெரிந்தது ஒரு பெரியவரின் மூச்சிரைப்பு.

"ஒண்ணையும் தொடாத. என்கூட வா" என்றார்.

பெரிய சாலைக் கடை வாசலில் புதிதாக ஒரு அட்டை தொங்கியது: 'எங்கள் மீன்கள் அனைத்தும் உயிருடன் உள்ளன.' தொட்டிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். உள்ளே பாதித் தொட்டிகள் காலி. தரையெல்லாம் ஈரம், மூன்று இடத்தில் வாளி வைத்திருந்தது. சகலை ஒரு ஸ்டூலில், கையில் வலையோடு, எதிர்ச்சாரியை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சகல" என்றார், வாங்க என்ற சொல்லில் கதவைச் சாத்துகிற சத்தத்தோடு. "எதிர்த்த பறவைக்கடைக்காரன் உங்களை அனுப்பினானா?"

"அவன் எதுக்கு என்னை அனுப்பணும்?"

"என் மீனெல்லாம் செத்துப்போச்சுன்னு ஊர் பூரா கிளப்பிவிட்டது அவன்தான். ரெண்டு மாசமா. முனிசிபாலிட்டி வண்டி வந்துச்சாம்! எவ்வளவு துணிச்சல் பாருங்க. சும்மா விடுவேனா? அவன் கிளிக்குப் பேச்சு வராதுன்னு நானும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்."

தொட்டிக்காரர் சொல்ல வாயெடுத்தார். ஆனால் கண் பக்கத்துத் தொட்டியின் மூலைக்குப் போய்விட்டது. கம்பெனித் தொட்டி. ஒட்டு விட்டுப்போய்ச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. தொழில்காரன் புத்தி, பாவமன்னிப்பு கேட்க வந்த இடத்திலும் சும்மா இருக்குமா?

"எவன் ஒட்டினான் இதை? எச்சில் தொட்டு ஒட்டினானா?"

"என் பேரையே சொல்ல மாட்டேன்னவர்கிட்ட நான் எப்படி வாங்கறது? கம்பெனியில வாங்கினேன்."

"இதை நாளைக்குள்ள காலி பண்ணிக் காயவெச்சு, பழைய ஒட்டைச் சுரண்டிட்டுப் புதுசா போடணும். ஒருநாள் முழுக்கத் தண்ணி படக் கூடாது…" என்று மூலையைத் தடவிக்கொண்டே, தடவுகிற சாக்கில் முகத்தைக் காட்டாமல், "பறவைக்கடைக்காரன் இல்லை. நான்தான்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நடுநடுவே, சீட்டு, பாட்டில், கண்ணில்லாத எந்திரம் என்று கார்ட்டூன் ஒத்து ஊதினார். சகலை கேட்டு முடித்தார். வலையைக் கீழே வைத்தார்.

"இதுல என்ன உள்குத்து?"

"உள்குத்தா?"

"நீங்க சொல்லலைன்னா எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கு வந்து சொல்றீங்க? யாரு சொல்லிக் குடுத்தா?"

உண்மையை நம்பவைப்பது இவ்வளவு கஷ்டம் என்று தொட்டிக்காரருக்குத் தெரியாது. இதுவரை அந்த வேலை அடுத்தவர்களுடையதாக இருந்தது. "எனக்கே தெரியலைப்பா" என்றார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "பாரு, எல்லா நம்பரும் இதுல இருக்கு."

பெரியவரின் நம்பரைத்தான் முதலில் போட்டார்.

"ஐயா, மீன்கடை விஷயமா பேசறேன். அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். உங்க தங்கமீன் உயிரோடதான் இருக்கு. இதோ, என் முன்னாடி நீந்துது."

"எந்த மீனுப்பா?" என்றார் பெரியவர். "அன்னைக்குச் செத்துப்போச்சுன்ன. இன்னைக்கு இருக்குங்கற. வேற ஏதாவது மீனைக் காட்டி என் தலையில கட்டப் பாக்கறியா?"

"இல்லைங்க, அதே மீன். ஒத்தைக் கண்ணு."

"எந்தக் கண்ணு?"

தொட்டிக்காரர் திணறினார். சகலை எழுந்து வந்து போனைப் பிடுங்கினார். "இடது கண்ணுங்க ஐயா. நான்தான் பேசறேன். நீங்க போன தடவை வந்தப்ப குடையை மறந்துட்டுப் போனீங்களே, அதுவும் இங்கதான் இருக்கு. நாளைக்கு ஒரு பாட்டில்ல மீனையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்து காட்டறேன்." கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்த சதையெல்லாம் கொஞ்சம் இறங்கியது. "அழாதீங்க ஐயா" என்றார் கடைசியாக.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் தொட்டிக்காரரைத் திட்டினார். காதில் விழுந்தால் அடுத்த வீட்டார் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும் ரகத் திட்டு. இவர் வாளியைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார். பாதியில் ஒரு வார்த்தையைச் சகலை தப்பாகச் சொன்னபோதுகூடத் திருத்தவில்லை.

"தலைப்பை எடுத்துடச் சொல்றேன்" என்றார் தொட்டிக்காரர் முடிவில்.

"எடுத்துட்டா?"

"உன் பேரு போயிடும். என் பேரு வரும்."

"ஏன், என் பேரைப் போக்கணும்? இருக்கறது ஒரே ஒரு பக்கம், அதையும் பிடுங்கிக்கப் பாக்கறீங்களா? இருக்கட்டும். ரெண்டு பேரும் இருக்கட்டும். ரெண்டு நம்பரும் போடுங்க. என் நம்பர் மேல."

"படம் என்னுது. என் நம்பர்தான் மேல."

"படத்துல நீந்தறது மீனு!"

"நீந்தறது தொட்டியில!"

கார்ட்டூன் நடுவில் புகுந்தார். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல போடறேன். அதைவிட முக்கியம், எந்திரம் படிக்கறதுக்கு ஆளுக்கு நாலு வரி எழுத்து வேணும். நீங்க என்ன செய்யறீங்கன்னு, வெறும் எழுத்தா." மீசையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அசையாத எழுத்து."

சகலை தன்னுடைய நாலு வரியை ஒரே மூச்சில் சொன்னார்; கார்ட்டூன் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார். தொட்டிக்காரர் முறை வந்தது. "தொட்டி செய்து தரப்படும்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. சகலையைப் பற்றிக் கேட்டிருந்தால் நாற்பது பக்கம் தந்திருப்பார்.

"இவ்வளவுதானா? இதை வெச்சு எந்திரம் என்ன நாக்கு வழிக்குமா?" என்றார் சகலை. எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார்: "எழுதுங்க கார்ட்டூன். இவர் ஒட்டின தொட்டி ஒழுகாது. மூலையைக் கையால தடவிப் பாத்தா ஒட்டே தெரியாது. எந்த மூலையில வைக்கணும்னாலும் வீட்டுக்கு வந்து அளவெடுப்பாரு. பதினோரு வருஷத்துல ஒண்ணுகூட ஒழுகினது கிடையாது."

"ஒண்ணு ஒழுகிச்சு" என்றார் தொட்டிக்காரர்.

"அது என் வீட்டுத் தொட்டி. என் பையன் பந்தடிச்சது. அதைச் சேர்க்காதீங்க."

கார்ட்டூன் எழுதினார். தொட்டிக்காரர் காகிதத்தை வாங்கி, பக்கத்தில் வைத்து, தூர வைத்துப் படித்தார். எழுத்து அசையவில்லை, அவருக்குத்தான் கொஞ்சம் அசைகிற மாதிரி இருந்தது.

"முப்பதாம் தேதி மூடறீங்களாமே. உங்க வீட்டம்மா எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிச்சு" என்றார் சகலை.

"ஆமா. சட்டைகூட தைச்சுட்டாங்க."

சகலை மூன்று வாளிகளையும் பார்த்தார். ஒன்று நிரம்பியிருந்தது, காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு வாளி வைத்தார்.

"மூணடிக்கு ஒண்ணரை அடியில நாலு தொட்டி வேணும் எனக்கு. இந்தக் கம்பெனிச் சனியனையெல்லாம் தூக்கிப் போடணும்."

"எப்ப வேணும்?"

"அவசரமில்லை. ஒண்ணாந்தேதிக்கு மேல குடுங்க. அடுத்த மாசம் நடுவுல, மெதுவா."

ஒன்றாம் தேதிக்கு மேல் என்றால் ஷட்டர் திறந்திருக்க வேண்டுமே? ஏன் மேல்? இதில் என்ன இருக்கிறது என்று தொட்டிக்காரர் வழக்கம்போல் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். பொத்தல் எங்கேயும் தட்டுப்படவில்லை. அது அவருக்கு ஒரு மாதிரி பயமாகக்கூட இருந்தது.

இடுப்பிலிருந்து டேப்பை உருவி நீட்டினார். மறுமுனையைச் சகலை பிடித்துக்கொண்டார்.

"சுவத்தோட ஒட்டிப் பிடிப்பா. ஒரு விரக்கடை தள்ளிப் பிடிச்சிருக்க."

"ஒட்டித்தான் பிடிச்சிருக்கேன். உங்களுக்குக் கண்ணு சரியில்லை."

கார்ட்டூன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கிற மாதிரித் தெரியாததால், ஸ்டூலில் உட்கார்ந்தார்.